இலைமதில்

நகரங்களில் வாழ்வார்க்கு இக்காலத்து நேர்ந்துள்ள குறைகள் பல. நீர்க்குறையும் இடக்குறையும் எல்லாராலும் எடுத்துப் பேசப்படுகின்றன. எவரும் வாய்விட்டுப் பேசாத குறை ஒன்றுண்டு, அது மறைவுக்குறை. ஒரு குடும்பத்தார் தம் வீட்டுக் கொல்லையில், பிறர் கண்படாமல், சற்று நேரம் அமர்ந்திருக்க ஓரிடம் இல்லாமற் போவதே யாம் ஈண்டுக் குறிப்பது. ஓட்டு வீடுகள் இருந்த தெருக்களில் மாடி வீடுகள் எழுந்தபின் இக்குறை பல வீடுகளிற் புகுந்துவிட்டது. மரஞ்செடிகளைக் கொண்டு இதனை நீக்கும் வகை யாது என்பதை எம் அனுபவத்தாலும் கற்றறிந்தவற்றாலும் சிறிது ஆராய்வோம்.

எம் இல்லம் தென்தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் உள்ளது. அதன் கொல்லையில் ஒரு கிணறும், துவைகல்லும், ஒரு கல்மேடையும் உண்டு. எழுபது பிராயம் கடந்த எம் அன்னையார்க்கு அம்மேடையே அரசிருக்கை. காலையில் நீராடியபின் கூந்தலை உலர்த்துவதும், பேத்திக்குத் தலைவாரிப் பின்னுவதும், பிற்பகலிற் கீரை ஆய்வதும் அங்கேதான். மேற்கே அடுத்த வீட்டார் தம் பழைய வீட்டைப் பிரித்து மாடி எழுப்பினர். மாடியறைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டி எம் கொல்லையை நோக்கி ஒரு சாளரம் வைத்தனர். தம் மனையில் தாம் கட்டினர். அவர்மீது குற்றம் யாதுமில்லை. ஆயினும் அன்று தொட்டு அன்னையார் கொல்லைக்குச் செல்வது குறைந்தது; சில திங்களில் அறவே நின்றது. "ஏன் அம்மா, மேடையில் உட்காருவதில்லையா?" என்று வினவியபோது, "வெயில் பொறுக்கவில்லை" என்றார். அப்போது மார்கழி மாதம்.

அம்மறுமொழியே யாம் இவ்வாராய்ச்சியிற் புகக் காரணமாயிற்று.

வேலியின் பழமை

மரங்களை மதிலாகக் கொள்ளும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. பண்டை அரசர் தம் கோட்டையைச் சுற்றி அகழி தோண்டியதோடு அமையாது, அடர்ந்த காவற்காட்டையும் வளர்த்தனர். அதனை மிளை என்று சங்கநூல்கள் கூறும். திருவள்ளுவரும் அரண் என்னும் அதிகாரத்தில் நீர், நிலம், மலை என்பவற்றோடு நிழல் பொருந்திய காட்டையும் சேர்த்து எண்ணினார். முற்றுகையிட்ட பகைவரிடமிருந்து மதிலைக் காத்து நின்ற மறவர் சூடிய பூ நொச்சி. அப்பூவின் பெயரே மதில்காக்கும் ஒழுக்கத்துக்கும் பெயராகிப் புறப்பொருள் வெண்பாமாலையில் ஒரு திணையாயிற்று. அந்நொச்சி இன்றும் நம் தோட்டப்புறங்களில் வேலியாய் நிற்கின்றது.

கோட்டையை விட்டுக் குடிமக்கள் மனைக்கு வருவோம். கொங்குநாட்டிற் காங்கேயம் முதலிய பகுதிகளில் கால்நடை மேயும் கொரங்காடுகளைச் சுற்றி முள்கிளுவை வேலி வளர்ப்பர். அது ஆடுமாடுகளை மறிப்பதற்கு உரியது. மனிதர் கண்ணை மறிப்பதற்கென்றே அமைந்த வேலியைக் காண வேண்டின் யாழ்ப்பாணத்தை நோக்க வேண்டும். அங்கே கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை வரிசையாக ஊன்றி, அவற்றோடு தென்னங்கிடுகையோ பனையோலையையோ வரிந்து கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. கதியால் வேர்விட்டுத் தழைக்கும். அதன் தழை ஆட்டுக்கு உணவாகவும் பயிருக்கு உரமாகவும் உதவும். ஓலை நைந்தபோது புதிது கட்டப்படும். ஆள் உயரத்தை மிஞ்சிய அவ்வேலி தெருவிற் செல்வார் பார்வையை முற்றும் தடுத்தது. சுற்றுச்சுவர்கள் பெருகியபின் அவ்வழக்கம் அங்கும் சுருங்கிவருகின்றது.

இவ்வேலிகள் யாவும் தரையில் நிற்பார் கண்ணைக் கருதி வகுக்கப்பட்டவை. மேலேயிருந்து கீழ்நோக்கும் கண்ணுக்கு என்ன செய்வது என்பதே நமக்கு எதிர்ப்பட்டுள்ள வினா.

எம் முதற் பிழை

சுவரை உயர்த்தலாமோ என்று முதலில் எண்ணினோம். செலவு மிகுதி, அன்றியும் மேல்காற்று அடைபடும், பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவிலும் அனல் வீசும். ஆதலின் மரமே தக்கது என்று துணிந்து, அவசரமாக ஒரு நாற்றுப்பண்ணைக்குச் சென்று 8 நெட்டிலிங்கக் கன்றுகளை வாங்கி வந்து, மேல்புறச் சுவரை ஒட்டி வரிசையாக நட்டோம். இன்ன உயரம் வேண்டும், இத்தனை ஆண்டு செல்லும் என்று ஒன்றையும் கணக்கிடவில்லை. உள்ளத்திற் சிறிது சினமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சாளரம் எங்கே இருந்ததோ அங்கே மூன்று கன்றுகளை நெருக்கமாகவே வைத்தோம்.

கன்றுகள் தழைத்தன. ஒருநாள் மாலை அயல்வீட்டார் சுவரருகே வந்து நின்று, "ஐயா, அந்த அறையில் என் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். இம்மரங்கள் வளர்ந்தால் வெளிச்சம் போய்விடுமே" என்றார். யாம் உடனே விடை கூறவில்லை. எம் அன்னையின் மேடையை அவர் நினைக்கவில்லை என்று யாம் குறைப்பட்டிருந்தோம். அவர் மகளின் புத்தகத்தை யாம் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சட்டம் கூறுவது

இரவு சட்டநூலைப் புரட்டினோம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சமும் காற்றும் 20 ஆண்டு இடையூறின்றி, வசதியுரிமையாக அமைதியாய் அனுபவிக்கப்பட்டால், அதன்பின் அவ்வனுபவம் உரிமையாய் நிலைபெறும். அயலார் சாளரமோ புதியது. எனவே அச்சட்டத்தின்படி அதன் வெளிச்சத்துக்கு இன்னும் அவ்வுரிமை பிறக்கவில்லை.

மறைவைப் பற்றியும் அச்சட்டம் பேசுகின்றது. அயலாரின் மறைவைப் பெரிதும் கெடுக்கும்படி புதுச் சாளரம் திறத்தலாகாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருக்குமாயின், அவ்வழக்கத்தால் உரிமை உண்டாகும் என்பது அதன் 18-ஆம் பிரிவிற் காட்டப்பட்ட உதாரணங்களுள் ஒன்று. அலகாபாத்து உயர்நீதிமன்றம் 1888-ல் அப்பகுதி வழக்கத்தைக் கொண்டு இவ்வுரிமையை ஏற்றது. சென்னை உயர்நீதிமன்றமோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தகைய உரிமையைப் பொதுவாக ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது. 2017-ல் இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். ஆயினும் அவ்வழக்கின் பொருள் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடைப்பட்டதேயன்றிச் சாளரத்துக்கும் கொல்லைக்கும் இடைப்பட்டதன்று.

ஆகவே சட்டம் எம் அன்னையின் மறைவையும் காக்கவில்லை. அயலார் மகளின் வெளிச்சத்தையும் காக்கவில்லை. இருவரையும் காக்கும் வழியை யாமே தேட வேண்டியதாயிற்று. அவ்வழியைக் காட்டியது பள்ளியிற் படித்த க்ஷேத்திர கணிதம்.

கோணமும் உயரமும்

மாணவ அன்பர்காள்! ஒத்த முக்கோணங்களால் உலகில் யாது பயன் என்று கேட்பீராயின், இக்கணக்கைக் கேண்மின்.

எம் மேடையில் அமர்ந்திருப்பார் தலை தரையிலிருந்து 4 அடி உயரத்தில் உள்ளது. மாடிச் சாளரத்தில் நிற்பார் கண் ஏறக்குறைய 16 அடி உயரத்தில் உள்ளது. மேடைக்கும் சாளரத்துக்கும் தரைவழித் தூரம் 30 அடி. எல்லைச் சுவர் சாளரத்திலிருந்து 10 அடியிலும் மேடையிலிருந்து 20 அடியிலும் நிற்கின்றது. கண்ணினின்று புறப்படும் பார்வைக்கோடு 30 அடி செல்வதற்குள் 12 அடி இறங்குகின்றது. அஃதாவது ஒவ்வோர் 5 அடிக்கும் 2 அடி. இனி மேடையிலிருந்து பின்னோக்கி எண்ணுக. மேடைக்கு 5 அடி தொலைவில் அக்கோட்டின் உயரம் 4-உம் 2-உம் சேர்ந்து 6 அடி. 20 அடி தொலைவில், எல்லைச் சுவரின் மேல், அதன் உயரம் 4-உம் 8-உம் சேர்ந்து 12 அடி.

எல்லையில் 12 அடி மரம் செய்யும் வேலையை மேடையருகே 6 அடிச் செடி செய்துவிடும் என்பது இதனாற் பெறப்படும். மொட்டைமாடியில் நிற்பார் கண் 28 அடி உயரத்தில் இருப்பதாகக் கொண்டாலும் இக்கணக்கு பொருந்தும். அப்போது எல்லையில் 20 அடி மரம் வேண்டும்; மேடையருகே 8 அடி போதும். 12 அடி மரத்துக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 6 அடிச் செடிக்கு இரண்டு மழைக்காலம் போதும். அன்றியும் நெட்டிலிங்கம் 12 அடியோடு நிற்கும் மரமன்று. 40 அடியும் கடந்து வளர்வது. மேடையருகே உள்ள செடியோ சாளரத்துக்கு 25 அடி தொலைவில், அதன் கீழ்ச்சட்டத்துக்கும் தாழ்ந்தே நிற்கும். அயலார்க்கு வரும் வெளிச்சத்தில் ஓர் இம்மியும் குறையாது.

மறைக்க வேண்டியதன் அருகே நடுக. பார்ப்பவர் கண்ணருகே நடற்க. இக்கட்டுரையிற் பிற எல்லாம் மறந்தாலும் இவ்வொன்றை மறவாதிருப்பீராக.

கணக்கிட விரும்பாதார்க்கு எளிய வழியும் உண்டு. ஒருவர் மேடையில் அமர்க. மற்றொருவர் மூங்கிற்கழி ஒன்றில் அகன்ற துணியைக் கட்டி, செடி நட எண்ணிய இடத்தில் நின்று மெல்ல உயர்த்துக. அமர்ந்தவர் கண்ணுக்குச் சாளரம் முழுதும் எந்த உயரத்தில் மறைகின்றதோ அங்கே கழியில் ஓர் அடையாளம் இடுக. நாம் அவர் சாளரத்தைக் காணாவிடின் அச்சாளரத்தில் நிற்பாரும் நம்மைக் காணார். அயலார் மாடிக்கு ஏறிச்சென்று பார்க்க வேண்டுவதில்லை.

மரங்களின் குணம்

இனி, எதனை நடுவது? மறைப்புக்கு உரிய செடி நான்கு குணங்கள் உடையதாதல் வேண்டும். கோடையிலும் இலை உதிராமை, அடிமுதல் தழைத்திருத்தல், வெட்டப் பொறுத்தல், வேராற் கேடு செய்யாமை என்பன அவை.

இலையுதிர்தலைப் பலர் கருதுவதில்லை. வேம்பும் புங்கும் நல்ல நிழல் மரங்களே. ஆயினும் மாசி பங்குனியில் இலையுதிர்த்துச் சிலநாள் வெறுங்கிளையாய் நின்று பின்னரே தளிர்க்கும். கிளுவை வறட்சிக் காலத்தில் நெடுநாள் இலையின்றி நிற்கும். முருங்கைக்கு அடர்த்தி இல்லை, கம்பளிப்பூச்சியும் ஏறும். நாம் வெளியில் அமர விரும்பும் காலத்தில் திரை கிழிந்து நிற்குமாயின் அத்திரையாற் பயன் என்னை?

ஆல், அரசு, அத்தி என்பவற்றைச் சுவரருகே நினைக்கவே வேண்டா. பறவை எச்சத்தால் முளைக்கும் சிறு கன்றே சுவரைப் பிளக்க வல்லது. விரைவில் வளர்வது என்று விற்கப்பட்ட கோனோகார்ப்பஸ் என்னும் அயல்நாட்டு மரத்தைப் பல ஊர்களில் வேலியாக நட்டனர். அதன் வேர் நிலத்தடிக் குழாய்களிற் புகுவதாலும், பூந்தூள் மூச்சுக்கோளாறு விளைக்கக்கூடும் என்பதாலும், குஜராத் அரசு 2023-லும் தமிழ்நாட்டு அரசு 2025-லும் அதனை நடுதலைத் தடை செய்தன. சீமைக்கருவேலத்தின் கதையும் இதுவே. வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று வரவேற்கப்பட்டு, வேலிகாத்தான் என்ற பெயரும் பெற்று, இன்று கண்மாய்களையும் தரிசுகளையும் கவர்ந்து நிற்கின்றது. விரைவு ஒன்றையே கண்டு மரத்தைத் தேர்தல் ஆகாது.

மூங்கில் அழகியது, விரைவில் உயர்வது. ஆயினும் நிலத்தடியில் ஓடிப் பரவும் சாதி அயலார் தரையிலும் முளைக்கும். குத்தாகவே வளரும் சிறு வேலிமூங்கிலைத்தான் கொள்ளல் வேண்டும். அதன் சருகு ஓயாது உதிரும் என்பதையும் அறிந்து நடுக. நெட்டிலிங்கம் குறுகி நெடிதுயர்வது, இலை செறிந்தது, இடஞ்சிறிய மனைக்கு ஏற்றது. யாருடைய சாளரத்தையும் மறைக்காத திசையில் அதற்கு நிகரானவை சிலவே. இதனை அசோகு என்று பலர் அழைப்பது பிழை. செந்நிறப் பூங்கொத்துடைய அசோகு வேறு மரம்.

மேடையருகே நடுதற்கு உரியவை ஆடாதோடை, நொச்சி, மருதாணி, செம்பருத்தி என்பன. ஆடாதோடை ஆண்டு முழுதும் பச்சென்றிருக்கும். பெயருக்கேற்ப ஆடு தொடாது. நொச்சியையும் ஆடுமாடுகள் பெரும்பாலும் தீண்டா. அதன் மிலாறு கூடை முடையவும், இலை நெற்குதிரில் இட்டுப் பூச்சியை விலக்கவும், மாலையிற் புகைத்துக் கொசுவை ஓட்டவும் பயன்படும். மருதாணியின் பயனைப் பெண்மக்கள் நன்கறிவர்.

மொட்டைமாடிப் பார்வைக்குச் சிறந்த மருந்து பந்தல். தலைக்குமேல் 7 அடியில் அமைந்த பந்தல் செங்குத்தாக நோக்கும் கண்ணையும் தடுக்கும். நிலையான கொடி வேண்டுவார் முல்லையையோ மனோரஞ்சிதத்தையோ ஏற்றலாம். உடனே மறைவு வேண்டுவார்க்கு அவரையும் பீர்க்கும் சுரையும் உள. ஆடிப் பட்டத்தில் விதைத்த அவரை ஐப்பசிக்குள் பந்தலை மூடிவிடும். தைக்குள் காயும் தரும்.

நடும் முறை

நொச்சியைப் போத்து வைத்தே வளர்க்கலாம். பெருவிரற் பருமனுள்ள முதிர்ந்த கிளையை ஒன்றரை அடி நீளத்துக்கு நறுக்கி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இருக்கும்படி சாய்வாக ஊன்றுக. புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் வடகிழக்குப் பருவமழையே நீர் வார்க்கும். ஒரே வரிசையாக வையாது, ஒன்றரை அடி இடைவிட்டு இரு வரிசையாக, முன்வரிசைச் சந்துக்கு நேரே பின்வரிசைச் செடி வருமாறு வைத்தல் நலம். ஒற்றை வரிசையில் ஒரு செடி பட்டுப்போனால் ஓட்டை விழும். இரட்டை வரிசையில் விழாது.

நெட்டிலிங்கம் முதலிய மரக்கன்றுகளுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாகக் குழி வெட்டிச் சில வாரம் வெயிலில் ஆறவிட்டு, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நடுக. முதல் இரண்டு கோடைகளில் நீர் தவறலாகாது.

வெட்டுதலிலேதான் பெரும்பாலோர் தவறுவர். செடி விரைந்து உயர வேண்டும் என்ற ஆசையால் நுனியைத் தொடாது விட்டுவிடுவர். அதனால் தலையில் தழையும் அடியில் வெறுங்காலுமாய் நிற்கும். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுக. இடுப்பளவு வந்ததும் மீண்டும் கிள்ளுக. ஒவ்வொரு முறையும் பக்கக்கிளை பெருகும். வளர்ந்த வேலியை அடி அகன்றும் முடி ஒடுங்கியும் இருக்குமாறு கத்தரிக்க வேண்டும். முடி அகன்றால் அடித்தழைக்கு வெயில் படாது. வெயில் படாத தழை உதிர்ந்துவிடும்.

எல்லைக்கு அருகே நிற்கும் மரங்களை ஆண்டுக்கொருமுறையேனும் கழித்துவிடுதல் நம் கடமை. கிளை அயலார் எல்லைக்குள் நீண்டால் அவர் தம் எல்லையளவும் அதனை வெட்டலாம் என்பது பொதுநெறி. அவர் அரிவாளை எடுக்கும்வரை நாம் காத்திராமை நன்று.

பயன்

கணக்கைக் கண்ட மறுவாரமே சாளரத்துக்கு நேரே நின்ற மூன்று நெட்டிலிங்கங்களையும் வேர்மண்ணோடு பெயர்த்து வீட்டின் முன்புறத்தில் நட்டோம். இரண்டு பிழைத்தன, ஒன்று பட்டுப்போயிற்று. அவசரத்துக்கு யாம் கொடுத்த விலை அது. மேடைக்கு மேற்கே 5 அடியில் நொச்சிப் போத்துகளை இரட்டை வரிசையாக ஊன்றினோம். அவை வளருமட்டும் மறைவு வேண்டி, நான்கு மூங்கிற்கால் நட்டுப் பந்தலிட்டு, அடுத்த ஆடியில் அவரை விதைத்தோம். மேல்புறத்துக் கொடிகளைத் தரைவரை தொங்கவிட்டோம். செய்வது இன்னது என்பதை அயல்வீட்டாரிடம் முன்னரே சொன்னோம். அவர் தம் வீடு கட்டியதில் மிஞ்சிய கம்பியைப் பந்தலுக்குக் கொடுத்தார். யாம் கேளாமலே சாளரத்தின் கீழ்ப்பாதிக்கு ஒரு திரையும் இட்டார்.

இரண்டாம் மழைக்காலம் முடியுமுன் நொச்சி 6 அடி எட்டிற்று. அன்னையாரிடம் யாம் ஒன்றும் கூறவில்லை. ஒருநாட் காலை மேடையில் ஈரக்கூந்தலோடு அமர்ந்து பேத்தியைக் கூவியழைக்கும் குரல் கேட்டது. "வெயில் இல்லையா அம்மா?" என்றோம். "இருந்தால் என்ன? வெயில் நல்லதுதானே" என்றார்.

அவ்வாண்டு அவரை மிகுதியாய்க் காய்த்தது. முதற் பறிப்பில் ஒரு கூடை நிறைத்து, படிக்கும் பிள்ளைக்கு என்று சொல்லி, அன்னையாரே சுவருக்கு மேலாக அயல்வீட்டம்மையார் கையிற் கொடுத்தார். அவ்விடத்தில் மரம் இருந்திருந்தால் அக்கை எட்டியிராது.